பீட் யாருது தம்பி?

போன வாரம் மன்னார்குடியிலிருந்து ஒரு தம்பி போன் பண்ணினான். கல்லூரி இரண்டாம் வருஷம், ராப் பாடுகிறவன். "அண்ணே, பாட்டு ரெடி. யூடியூப்ல செம பீட் ஒண்ணு ஃப்ரீயா கெடச்சுது. வெள்ளிக்கிழமை ரிலீஸ்" என்றான். பீட் என்றால் ராப் வரிகளுக்குப் பின்னால் ஓடுகிற இசை. வெள்ளிக்கிழமை வேண்டாம், முதலில் நேரில் வா என்று சொல்லிவிட்டேன். அவன் வந்தபோது சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். 2023இல் இதை எனக்குச் சொல்ல ஆளில்லை. சொல்லியிருந்தால் 46,000 ரூபாயும் முக்கால் வருஷமும் மிச்சம். அதில் 40,000 அக்கா சீட்டு எடுத்துக் கொடுத்தது. அவள் இன்னும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது.

நான் நீடாமங்கலம் பக்கத்து ஆள். தாய்மாமா மைக் செட் வைத்திருக்கிறார். பள்ளிக்கூட லீவு விட்டால் அவரோடு குழாய் ஸ்பீக்கர் கட்டப் போவதுதான் எனக்கு வேலை. கோயில் வாசல் வேப்பமரத்தில் ஏறிக் குழாயைத் தெருப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு இறங்கினால், மைக்கை என்னிடம் கொடுத்துவிட்டு மாமா டீ குடிக்கப் போய்விடுவார். பால்குடம் எடுப்பவர்கள் ஆற்றங்கரைக்கு வரவும், சிவப்புச் சட்டை போட்ட பையன் மேடைப் பக்கம் அழுதுகொண்டு நிற்கிறான், இப்படி. ராப் பைத்தியம் பிடித்தது அதற்கப்புறம், மலேசியத் தமிழ் ராப்பர் யோகி பி பாட்டெல்லாம் மெமரி கார்டில் ஏறி வந்த காலத்தில். ஒரு நாள் மாமா கேட்டார்: "எம்சி எம்சிங்கிறியே, அப்புடின்னா என்னடா?" மாஸ்டர் ஆஃப் செரிமனீஸ், நிகழ்ச்சியை நடத்துகிறவன், ராப்பரை அப்படித்தான் சொல்வோம் என்றேன். நியூயார்க்கில் பிராங்ஸ் என்ற பகுதியில் 1973 ஆகஸ்ட் 11 அன்று ஒரு தங்கச்சி, பள்ளி திறக்கும்முன் புதுத்துணி வாங்கக் காசு சேர்க்கலாம் என்று கட்டடத்துக் கூடத்தில் பார்ட்டி வைத்தாள், அவள் அண்ணன் கூல் ஹெர்க் ரெக்கார்டு ஓட்டினார், அவர் கூட்டாளி கோக் லா ராக் மைக்கைப் பிடித்து வந்திருந்த நண்பர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு ஆடவிட்டார், அங்கிருந்துதான் இதெல்லாம் என்றேன். மாமா பீடியை அணைத்துவிட்டு, "அதைத்தானேடா நான் முப்பது வருஷமா பண்றேன்" என்றார். அன்றைக்குச் சிரித்துவிட்டேன்.

2023இல் ஜூன் 12 மேட்டூர் அணை திறப்பு என்று உறுதியானதும், தண்ணீர் வருவதைப் பற்றி ஒரு பாட்டு எழுத உட்கார்ந்தேன். யூடியூபில் தேடி ஒரு பீட் எடுத்தேன். தலைப்பிலேயே ‘ஃப்ரீ’ என்று இருந்தது. நடுவில் அங்கங்கே ஒரு பெண் குரல், செய்தவரின் பேரைக் கிசுகிசுத்துவிட்டுப் போகும். அந்தக் குரலே ஒரு எச்சரிக்கைதான், எனக்கு அது அழகாகப் பட்டது. எழுத ஆரம்பித்தால், இங்கிலீஷ் ராப் கேட்டுக் கேட்டு வரி முடிவில்தான் ரைம் விழ வேண்டும் என்று மண்டையில் ஏறியிருந்தது. தமிழில் வினைச்சொல் வரியின் கடைசியில் வந்து உட்கார்ந்துகொள்ளும். பாடுறேன், தேடுறேன், ஓடுறேன் என்று 16 வரியும் முடிந்தது. நானே ஏதோ சாதித்த மாதிரி இருந்தது. உண்மையில் அந்த ரைமை நான் போடவில்லை, இலக்கணம் இனாமாகப் போட்டுக் கொடுத்தது. பத்தாவதில் இரண்டு மார்க்குக்காக மனப்பாடம் செய்த எதுகைதான் நமக்குக் கைகொடுக்கும் என்று பிறகுதான் பிடிபட்டது. ‘வண்டல் படிஞ்ச வரப்பு, கண்டம் கண்டமா வெடிப்பு’ என்று அடுத்த பாட்டில் எழுதினேன். வண்டல், கண்டம் என்று முன்னால் ஒரு கொக்கி, வரப்பு, வெடிப்பு என்று பின்னால் ஒன்று. இரண்டு பக்கமும் மாட்டினால் வரி ஆடாமல் நிற்கிறது. வினைச்சொல்லைக் கடைசியிலிருந்து கிளப்பி நடுவில் போட்டுப் பாருங்கள், வேறு வாய் மாதிரி வரும்.

ரெக்கார்டிங் தஞ்சாவூரில். மணிக்கு 600 ரூபாய். இரண்டு மணி நேர வேலை என்று கணக்குப் போட்டுப் போனேன், மூன்று நாளில் 9 மணி நேரம் ஓடியது. காரணம் மூச்சு. என் பீட் 92 பிபிஎம், அதாவது நிமிஷத்துக்கு 92 அடி. ஒரு பார், அதாவது நாலு அடி, 2.6 விநாடி. 16 பார் பாட 42 விநாடி. வீட்டில் நோட்டைப் பார்த்து மனதுக்குள் ஓட்டினபோது அத்தனையும் ஓடியது, மனதுக்கு மூச்சு வாங்க வேண்டியதில்லையே. மைக் முன்னால் நின்றால் 11ஆவது பாரில் குரல் தரையில் கிடக்கும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் முதல் நாள் பொறுமையாக இருந்தார், இரண்டாம் நாள் போனை நோண்ட ஆரம்பித்தார். கடைசியில் இரண்டிரண்டு பாராக வெட்டி ஒட்டி முடித்தோம். கேட்க நன்றாகவே இருந்தது. ஆனால் மேடையில் அந்தப் பாட்டை என்னால் பாட முடியாது, ஏனென்றால் அதை யாருமே ஒரு மூச்சில் பாடினதில்லை, நான் உட்பட. மிக்ஸிங் 6,000 சேர்த்து 11,400 ஆயிற்று. இப்போது காசு கட்டி உள்ளே போகும்முன், பீரோவைத் திறந்து தொங்குகிற துணிக்கு நடுவே போனை வைத்து, முழுப் பாட்டையும் நின்றபடி பத்துத் தடவை பதிவு செய்கிறேன். எங்கே மூச்சு முட்டுகிறதோ அங்கே ஒரு சொல்லை அடித்துவிடுவேன். அது எவ்வளவு நல்ல சொல்லாக இருந்தாலும் சரி.

வீடியோவுக்கு 22,000. மூணாறு தலைப்பில், வெண்ணாறும் கோரையாறும் பாமணியாறும் பிரிகிற இடத்தில், புதுத்தண்ணி நுரைத்துக்கொண்டு வரும்போது எடுத்தோம். கேமரா, டிரோன், எடிட்டிங், ஆறு பேருக்கு இரண்டு நாள் சாப்பாடு. ஜூலை இரண்டாவது வாரம் ஏற்றினேன். விவசாயிகளின் வாட்ஸாப் குரூப்களில் சுற்றி, பத்து நாளில் 38,000 பேர் பார்த்திருந்தார்கள். ஊரில் டீக்கடையில் காசு வாங்க மாட்டேன் என்றார்கள். அந்தச் சூட்டில் இன்னொரு முட்டாள்தனம். பாட்டை ஒரு லட்சம் பேரிடம் கொண்டுசேர்ப்பதாகச் சொன்ன ஒருவருக்கு 10,000 அனுப்பினேன். மூன்று நாளில் எண்ணிக்கை எகிறியது, எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்துகளில் இதயம் போட்ட கமென்ட்டுகள் வந்தன, அடுத்த வாரம் யூடியூபே அதையெல்லாம் கழித்துவிட்டது. அந்த ஆள் போனை எடுக்கவில்லை. இதைப் பற்றி இதற்குமேல் எழுத ஒன்றுமில்லை, வெட்கமாக இருக்கிறது.

ஏற்றின 11ஆவது நாள் காலையில் மெயில் வந்திருந்தது. உங்கள் வீடியோவில் வேறொருவருக்கு உரிமையான இசை இருக்கிறது, விளம்பரம் ஓடினால் வருமானம் அவருக்குப் போகும் என்று. உரிமை கோரியவர் பீட் செய்தவரே இல்லை, வேறு ஏதோ நாட்டு ராப்பர். அவரும் என்னைப் போலவே அதே பீட்டை எடுத்துப் பாடி, எனக்குமுன் வெளியிட்டு, ‘கன்டென்ட் ஐடி’ என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டிருக்கிறார். அப்படி அடித்தால் அவருடைய பாட்டின் கைரேகை மாதிரி ஒன்றை யூடியூப் வைத்துக்கொண்டு, ஒத்துப்போகிற எல்லா வீடியோவையும் தானே பிடிக்கும். பீட் ஒன்றாக இருந்ததால் நான் மாட்டிக்கொண்டேன். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. என் ஊர், என் ஆறு, என் வாய், எவனோ ஒருவன் வந்து என்னுது என்கிறான்!

இங்கேதான் நிதானம் தவறினேன். இதைப் படிக்கிறவர்கள் இந்த ஒரு பத்தியை மட்டுமாவது நினைவில் வையுங்கள். ‘கிளெய்ம்’ வேறு, ‘ஸ்ட்ரைக்’ வேறு. முன்னது உரிமை கோருவது, பின்னது சேனலுக்கு விழுகிற தண்டனை. என் சேனலுக்கு விளம்பர வருமானமே அப்போது கிடையாது. அந்தக் கிளெய்மை அப்படியே விட்டிருந்தால் வீடியோ பாட்டுக்கு ஓடியிருக்கும், விளம்பரக் காசு நாலு ரூபாயோ நாற்பது ரூபாயோ அவருக்குப் போயிருக்கும், அவ்வளவுதான். நான் ஆட்சேபம் போட்டேன். எதிர்த்தரப்புக்குப் பதில் சொல்ல 30 நாள் அவகாசம். 26ஆவது நாள் மறுத்தார்கள். அங்கேயாவது நின்று, பீட் செய்தவருக்கு ஒரு மெயில் போட்டுக் கேட்டிருக்கலாம். ரோஷத்தில் மேல்முறையீடு செய்தேன். அதற்கு நம் முழுப்பெயர், முகவரி, போன் நம்பர் எல்லாம் கொடுக்க வேண்டும், கொடுத்தேன். ஒரு வாரத்தில் வீடியோவையே எடுத்துவிட்டு என் சேனலுக்கு ஸ்ட்ரைக் போட்டார்கள். ஸ்ட்ரைக் கழிய 90 நாள், அதற்குள் மூன்று சேர்ந்தால் சேனலே போய்விடும். 38,000 பேர் பார்த்த இணைப்பைத் தொட்டால் கறுப்புப் பெட்டிதான் தெரிந்தது. அம்மாவிடம், நெட் சரியில்லை என்று சொல்லிவைத்தேன். பாட்டில் ‘தண்ணி வந்தாச்சு’ என்று கத்தியிருந்தேன், அந்த நேரம் ஆற்றில் தண்ணீர் சுருங்கிக் கடைமடையில் குறுவை கருகிக்கொண்டிருந்தது. பாட்டு போனதே நல்லது என்று பெரியப்பா சொன்னார். அவர் நாற்று விட்டு நஷ்டப்பட்டவர், பதில் சொல்ல வாய் வரவில்லை.

அப்புறம்தான் பீட் செய்தவருக்கு எழுதினேன். இரண்டே வரியில், மரியாதையாகவே பதில் போட்டார். வீடியோவுக்குக் கீழே இருந்த குறிப்பைப் படித்தீர்களா என்று கேட்டிருந்தார். போய்த் தட்டிப் பார்த்தால், லாபநோக்கம் இல்லாத பயன்பாட்டுக்கு மட்டும் இலவசம், பாட்டு ஆப்களில் வெளியிட லீஸ் வாங்க வேண்டும் என்று தெளிவாக எழுதியிருந்தது. நான் எல்லா ஆப்பிலும் ஏற்றியிருந்தேன். 30 டாலர் கட்டி லீஸ் வாங்கினேன், வங்கிக் கழிவு எல்லாம் சேர்த்து நம் காசில் 2,600. வந்த ஒப்பந்தத்தை மூன்று இரவு உட்கார்ந்து படித்தேன். படித்து முடித்ததும் ஒரே சொல்தான் தோன்றியது. குத்தகை. இது நமக்குத் தெரியாத விஷயமா? வயல் அவருடையது. அவர் அதே வயலை நூறு பேருக்குக் குத்தகைக்கு விடலாம், நான் ஒன்றும் கேட்க முடியாது. நான் எவ்வளவு மகசூல் எடுக்கலாம் என்பதற்கும் வரம்பு உண்டு, எனக்கு 50,000 ஸ்ட்ரீம், அதாவது ஆப்களில் அத்தனை தடவை கேட்கலாம். அதைத் தாண்டினால் புதிதாக வாங்க வேண்டும். சுருக்கின எம்பி3 ஃபைல் மட்டும் என்றால் விலை குறைவு, தரம் கூடின வேவ் ஃபைல் வேண்டுமென்றால் கூடுதல், டிரம்ஸ் தனி, பேஸ் தனி என்று பிரித்துக் கொடுத்தால் இன்னும் கூடுதல். எனக்கு மட்டும்தான் வேண்டும் என்றால் அது ‘எக்ஸ்குளூசிவ்’, கிட்டத்தட்ட கிரயம் மாதிரி, விலையும் அப்படித்தான். குத்தகை பீட்டில் பாடிவிட்டுக் கன்டென்ட் ஐடியில் டிக் அடிப்பது, குத்தகை நிலத்துக்குத் தன் பேரில் பட்டா வாங்குகிற வேலை. அந்த வெளிநாட்டு ராப்பர் செய்தது அதுதான். நியாயமாகப் பார்த்தால் நானும் செய்திருப்பேன். வெளியிடும்போது அந்தக் கட்டம் எனக்கும் வந்தது, என்னவென்று தெரியாததால் விட்டுவிட்டேன், அதுதான் உண்மை.

ஸ்ட்ரைக் கழிகிற அந்த 90 நாளில் பாட்டை விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். மாமாதான் ஒரு கல்யாண வீட்டில் செட் போட்டிருந்தபோது, அங்கே வாசிக்க வந்த தவில்காரரிடம் இழுத்துக்கொண்டு போனார். வயது எழுபதுக்கு மேல். அந்தக் காலத்துத் தவில் மேதை நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை பேரைச் சொன்னால் காதைத் தொட்டுக்கொள்கிற தலைமுறை. முகூர்த்தம் முடிந்து, விரல் கூடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் துணியில் முடிந்துகொண்டிருந்தார். துணியும் பசையும் சுற்றிச் சுற்றிக் கல்லாக இறுகின கூடு, உள்ளே விரல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. "பாடு தம்பி" என்றார். பாடினேன். தொடையில் தட்டிக்கொண்டே கேட்டவர், "எங்க எடுக்குற? ஒவ்வொரு தடவையும் ஒரு எடத்துல எடுக்குறியே" என்றார். தாளத்தில் எந்த இடத்தில் பாட்டைத் தொடங்குகிறாய் என்று கேட்கிறார். பீட் ஓடும்போது அது என்னை இழுத்துக்கொண்டு போனது, பீட் இல்லாமல் எனக்குத் தாளமே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அவர் ஒன்று சொல்லிக் கொடுத்தார். தகிட தகிட தகிட தகிட தகதிமி. மூன்றெழுத்துத் தகிட நான்கு தடவை, கடைசியில் நான்கெழுத்துத் தகதிமி ஒன்று, மொத்தம் 16. ஒரு பாரை நாலுநாலாகப் பிரித்தாலும் 16தான், ஆனால் இப்படிச் சொன்னால் மூன்றுகள் அடிக்குக் குறுக்கே நடந்துபோய்க் கடைசித் தகதிமியில் வீடு சேரும். ராப்பில் ஃப்ளோ ஃப்ளோ என்று நாங்கள் தலையைப் பிய்த்துக்கொள்வது இதைத்தான். அதோடு, "கார்வை விடு. எல்லா எடத்தையும் சொல்லால ரொப்பாத, கேக்குறவனும் மூச்சு வாங்கணும்" என்றார். நான் நடந்து போகும்போதெல்லாம் காலில் நாலும் வாயில் தகிடவுமாகப் போனேன். பார்த்தவர்கள் தானாகப் பேசுகிறான் என்றார்கள். இரண்டு மாசத்தில் 16 பாரும் ஒட்டு இல்லாமல் வந்தது.

அவரையே வாசிக்க வைத்து அடுத்த பாட்டு. முதலில் போனில் பதிவு செய்தேன், தவில் சத்தம் தாங்காமல் எல்லாம் கரகரவென்று உடைந்துவிட்டது. மாமா மிக்சரைக் கொண்டுவந்து, மைக்கை நாலடி தள்ளி வைத்து, அளவைப் பாதிக்குக் குறைத்துக் கொடுத்தார். தவில் அய்யாவுக்கு 3,000 கொடுத்தேன், வரும்படி ஏதாவது வந்தால் மூன்றில் ஒரு பங்கு என்று வெள்ளைத்தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். "எனக்கெதுக்குப்பா பத்திரம்" என்றார். எனக்குத்தான் வேண்டும் அய்யா என்றேன். நம் காப்புரிமைச் சட்டம் 1957ஆம் வருஷத்தது. உரிமையை ஒருவர் இன்னொருவருக்கு மாற்றிக்கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும் என்கிறது. எத்தனை வருஷம் என்று எழுதாவிட்டால் 5 வருஷம், எந்த இடத்துக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்று எடுத்துக்கொள்ளும். பாட்டு ஆப் உலகம் முழுக்க ஓடுகிறது, ஆகவே ‘உலகம் முழுதும்’ என்ற இரண்டு சொல்லை மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதின வரிகள் எழுதின நொடியிலிருந்தே உங்களுடையவை, பதிவு செய்தால்தான் உரிமை என்பதில்லை. தேதியோடு நோட்டையும் போனில் எடுத்த முதல் பதிவுகளையும் அழிக்காமல் வைத்திருங்கள், சண்டை வந்தால் அதுதான் சாட்சி. இந்தப் பாட்டு இன்றைக்கு 1,900 பேரைத் தாண்டவில்லை. பொய் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை.

2024 மாசியில் பக்கத்து ஊர்க் காமன் பண்டிகைக்கு மாமா செட். எங்கள் பக்கத்தில் காமன் பண்டிகை என்றால் லாவணி. மன்மதன் எரிந்தான் என்று ஒரு கட்சி, எரியவில்லை என்று ஒரு கட்சி, டேப் என்கிற தோல்வாத்தியத்தைத் தட்டிக்கொண்டு விடிய விடியப் பாட்டிலேயே கேள்வி, பாட்டிலேயே பதில். மராட்டியர் காலத்தில் தஞ்சைக்கு வந்த கலை. ராப் பேட்டில் என்று நாங்கள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவதை என் தாத்தா காலத்து ஆட்கள் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு செய்திருக்கிறார்கள். இப்போது பாட ஆளில்லை. எரியாத கட்சியில் பாடின ஒரு பெரியவர் மட்டும் முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அரைமணி நேரம் எனக்கு ஒதுக்கியிருந்தார்கள். மேடை ஏறும்முன் மாமா ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "டேய், மைக் தலையக் கையால பொத்திப் புடிக்காத, கூவும்." வீடியோவில் ராப்பர்கள் எல்லாம் அப்படித்தான் பிடிப்பார்கள், ஸ்டைலாக இருக்கும். குழாய் செட்டில் அப்படிப் பிடித்தால் ஊரே காதைப் பொத்திக்கொள்ளும். காம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தவில் அய்யா எடுத்தார், நானும் சரியான இடத்தில் எடுத்தேன்.

இரண்டாவது 16 பாரில், ஒன்பதாவது பார் இருக்கும், மாமா தன் மைக்கை ஆன் செய்துவிட்டார். "கோயில் வாசலில் நிற்கிற டிராக்டரை ஓரமாக எடுக்கவும், சாமி வருது, டிராக்டரை எடுக்கவும்." எனக்குத் திக்கென்றது. அய்யா நிறுத்தவில்லை, என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு தகிட தகிட என்று போய்க்கொண்டே இருந்தார். முன்வரிசைப் பெரியவர் அறிவிப்பும் பாட்டில் ஒரு பகுதி என்று நினைத்தாரோ என்னவோ, தொடையில் தாளம் போட்டபடி சிரித்தார். டிராக்டரை எடுத்தார்கள். நான் அதற்குள் நன்றாக மூச்சு வாங்கிக்கொண்டேன்.